வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன்

புள்ளியியல் நடத்துகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு ஒரு நிரந்தரக் கவலை. அந்த நேரத்துக்கென்றே சில ஆய்வுகளை எடுத்து வைத்திருப்பேன். அவற்றில் பிள்ளைகள் தூக்கத்தை மறந்து கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். பிரார்த்தனை பலிக்கிறதா என்று அமெரிக்காவில் இதய நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வு அது.

2006-ல் 'அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்' இதழில் வந்தது. தலைமை தாங்கியவர் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன். ஆன செலவு சுமார் 24 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதியைக் கொடுத்தது டெம்பிள்டன் அறக்கட்டளை. மதத்தையும் அறிவியலையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க ஆசைப்படும் அமைப்பு அது. ஆக, கடவுளைத் தோற்கடிக்க வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவைக்கு வந்த 1802 பேரைச் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு குழுவினரிடம், உங்களுக்காக யாராவது பிரார்த்தனை செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்றார்கள். அவற்றில் ஒரு குழுவுக்கு நடந்தது, மற்றதற்கு நடக்கவில்லை. மூன்றாவது குழுவிடம் மட்டும் கட்டாயம் நடக்கும் என்று சொல்லி, சொன்னபடி செய்தார்கள். வேண்டிக்கொண்டவை மூன்று கிறிஸ்தவக் குழுக்கள். நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும்தான் அவர்களிடம் இருந்தன. அறுவைக்கு முந்தைய இரவு தொடங்கி 14 நாள் வேண்டினார்கள். அறுவை நல்லபடியாக முடிய வேண்டும், சீக்கிரம் தேற வேண்டும், சிக்கல் எதுவும் வரக்கூடாது என்ற கருத்துள்ள ஒரு வாசகத்தை எல்லோரும் தங்கள் வேண்டுதலில் சேர்த்துக்கொண்டார்கள்.

30 நாளுக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள், பிரார்த்தனை கிடைத்த குழுவில் 52 சதவீதம், கிடைக்காத குழுவில் 51 சதவீதம். இதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் பாதி சிரிக்கும், பாதி முகத்தைச் சுளிக்கும். அப்புறம்தான் மூன்றாவது எண்ணை எழுதுவேன். தங்களுக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் சிக்கல் வந்தவர்கள் 59 சதவீதம்.

வருஷா வருஷம் இந்த எண்ணை எழுதி, சலசலப்பை ரசித்து, மணி அடித்ததும் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வந்துகொண்டிருந்தவள் நான். அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்த பிறகு அந்த எண் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்று குழாய்களில் அடைப்பு. இடது பக்கத்துப் பெரிய குழாயின் வாயிலேயே ஒன்று. ஸ்டென்ட் சரிவராது, பைபாஸ்தான் என்றார் டாக்டர். அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். பாளையங்கோட்டையைச் சுற்றி சைக்கிளில் கடிதம் கொடுத்தே தலை நரைத்தவர். இன்னார் வீட்டுக்கு இன்ன தேதியில் மணியார்டர் வரும் என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் சொல்லிவிட்டார்: "நெஞ்சைப் பொளந்து தைக்கப் போறாவளாக்கும். சாஸ்தா உத்தரவு இல்லாம நான் படுக்க மாட்டேன், பாத்துக்கோ."

காப்பீட்டுப் படிவத்தை நிரப்பியது நான். சர்க்கரை உண்டா, பீடி சிகரெட் உண்டா, பெற்றோரில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். உங்களுக்காகக் கோயிலில் விளக்கேற்றுபவர் யாராவது உண்டா என்ற கேள்வி மட்டும் இல்லை. இதை அந்தக் காலத்திலேயே கவனித்தவர் பிரான்சிஸ் கால்டன். டார்வினின் உறவினர். இன்று நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்துகிற ஒட்டுறவுக் கணக்குக்கு வித்திட்டவரும் அவரே. 1872-ல் 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரையில், உயிருக்கு ஆபத்தானது எது, நல்லது எது என்று அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பிரார்த்தனையைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லையே என்று கேட்டார். பலன் இருந்தால் பணத்தில் கண்ணுள்ளவன் விட்டுவைப்பானா என்பது அவர் வாதம்.

அதே கட்டுரையில் ஒரு கணக்கும் போட்டார். இங்கிலாந்தின் தேவாலயங்களில் வாராவாரம் அரசருக்கு நீண்ட ஆயுள் வேண்டிப் பிரார்த்தனை நடக்கிறது. அப்படியானால் அரச குடும்பத்தினர் நெடுநாள் வாழ வேண்டும் அல்லவா? முப்பது வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்து, விபத்திலும் வன்முறையிலும் செத்தவர்களை நீக்கிப் பார்த்தால், அரச குடும்பத்தினர் 97 பேரின் சராசரி ஆயுள் 64.04 ஆண்டு. பாதிரிமார் 69.49, வழக்கறிஞர்கள் 68.14, மருத்துவர்கள் 67.31. வசதியான வர்க்கங்களிலேயே குறைந்த ஆயுள் அரசர்களுக்குத்தான்.

இதில் ஓட்டை கண்டுபிடியுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். அரண்மனைச் சாப்பாடு, நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம், தினம் ஒரு விருந்து என்று அடுக்குவார்கள். ஒரு முறை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அந்த சர்ச்சுல உக்காந்திருந்தவங்க மனசார வேண்டினாங்களா மேடம்? இல்ல, பாதிரியார் சொல்றாருன்னு ஆமென் போட்டாங்களா?" என்று கேட்டாள். கால்டன் இருந்திருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பார். வேண்டுதலை எண்ணுவதற்கு ஓர் அலகு வேண்டும். எத்தனை பேர், எத்தனை நிமிஷம், எவ்வளவு மனசு? மாத்திரைக்கு மில்லிகிராம் இருக்கிறது.

கால்டன் எழுதிய அதே வருஷம் லண்டனில் பெரிய வாக்குவாதமே நடந்தது. வேல்ஸ் இளவரசர் டைபாய்டில் கிடந்து பிழைத்திருந்தார். நாடே பிரார்த்தித்ததால் பிழைத்தார் என்று செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. உடனே ஒரு யோசனை பத்திரிகைக்கு வந்தது. ஒரு மருத்துவமனையில் ஒரு வார்டை ஒதுக்கி, சில வருஷத்துக்கு நாட்டிலுள்ள பக்தர்கள் எல்லாரும் அந்த வார்டுக்காகவே பிரார்த்திக்கட்டும், அங்கே சாவு குறைகிறதா என்று பார்த்துவிடலாம் என்றது. இயற்பியலாளர் ஜான் டிண்டால் அதற்கு முன்னின்றார். பக்தர்கள் கொதித்துப் போனார்கள், வார்டு ஒதுக்கப்படவில்லை. ஏறக்குறைய அந்த வார்டைத்தான் 134 வருஷம் கழித்து பென்சன் திறந்தார்.

இனி சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன்.

எங்கள் குலதெய்வம் ஊரை விட்டுத் தள்ளி ஒரு குளத்தங்கரையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் கூட்டம் திமிறும், மற்ற நாளில் பூசாரியும் ஆடுகளும். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் மருந்து மாத்திரையோடு காலத்தை ஓட்டுவது. பூவைப் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. கை சுத்தமாகக் கட்டுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

புள்ளியியல் படித்தவள் கண்ணுக்கு அந்தச் சடங்கில் குறையே தெரியவில்லை. வாழையிலையை ஒரே அளவாகக் கிழித்தேன். நந்தியாவட்டைக்கும் செவ்வரளிக்கும் கனம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணி எடுத்தேன். வாழைநாரை ஒரே மாதிரி சுற்றி ஒரே மாதிரி முடிச்சு. தொட்டுப் பார்த்தாலும் தெரியக்கூடாது, தூக்கிப் பார்த்தாலும் தெரியக்கூடாது. எடுப்பது விவரம் அறியாத குழந்தை. மருத்துவ ஆய்வுகளில் யார் எந்தக் குழு என்ற சீட்டை, வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத உறையில் போட்டு ஒட்டி வைப்பார்கள். அது நவீன மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். எங்கள் பூசாரிக்கு அது அவர் தாத்தா காலத்து நடைமுறை.

செவ்வரளியைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த இடது குழாய் ஞாபகம் வந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதி வாய்ப்பில் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போய் மாத்திரை கொடுத்துக்கொண்டு, எந்த ராத்திரி என்று காத்திருப்பதா? இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். செவ்வரளியை முந்தானையில் முடிந்துகொண்டு, கால் கழுவப் போகிற சாக்கில் குளத்தில் போட்டேன்.

பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அது சாமியைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும். அந்த மரியாதைதான் என்னைக் காப்பாற்றியது. அன்று ராத்திரி அப்பா பல நாளுக்குப் பிறகு இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குறட்டை விட்டுத் தூங்கினார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை.

இதை இன்றும் என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை, சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை. ஓர் ஆய்வில் இப்படிச் செய்திருந்தால் நெறிமுறைக் குழு என்னை வாசலோடு அனுப்பியிருக்கும். ஒப்புதலை ஏமாற்றி வாங்கினேன். ஆனால் அந்த இட்லியும் தூக்கமும் ஏமாற்றில்லை. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்ற நம்பிக்கை அப்பாவின் உடம்பில் வேலை செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வேலைக்குச் சாமி தேவைப்படவில்லை, நம்பிக்கை போதுமானதாக இருந்தது என்பதும், பூவைக் கட்டியவள் என்பதால், எனக்கு மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இதைவிட வேடிக்கை.

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் தெருவே வேண்ட ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "ஐயாவுக்காகச் சபையில ஜெபக்குறிப்பு குடுத்துட்டேம்மா, வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துல சேத்து ஜெபிக்காங்க" என்றாள். மேலப்பாளையத்திலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர் பாய் போன் பண்ணி, ஜும்ஆவில் துஆ கேட்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். எனக்கு 59 சதவீதம் கண் முன்னால் வந்து நின்றது. தனக்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கல்லவா சிக்கல் அதிகம்? ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னேன்: "தாராளமா வேண்டிக்கோங்க. அப்பா காதுக்கு மட்டும் போகாமப் பாத்துக்கோங்க."

எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஜெபித்தோம் என்று சொல்லாமல் ஜெபிப்பது எப்படி என்றே அவளுக்குப் புரியவில்லை. "அவுகளுக்குத் தெரிஞ்சாத்தானம்மா தெம்பு?" என்றாள். அமெரிக்காவில் ஆய்வு நடந்திருக்கிறது அக்கா என்று நான் தொடங்க, அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ரகசியம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அட்மிஷனுக்கு முந்தின சாயங்காலம் பாய் ஓதிய தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே போதகர் வந்து அப்பா தலையில் கை வைத்து ஜெபித்தார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பழைய தபால் ஆபீஸ் ஆட்கள் நெல்லையப்பர் கோயில் திருநீற்றோடு வந்தார்கள். எல்லாரும் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, உண்மையச் சொல்லு. ஊரே கூடி வேண்டுதுன்னா, நான் பொழைக்க மாட்டேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பென்சன் ஆய்வின் மூன்றாம் குழு ஏன் மோசமானது என்று கேட்டபோது, ஆய்வில் இருந்த மருத்துவர் ஒருவர் இதே பொருள்படத்தான் சொன்னார்: எனக்காகப் பிரார்த்தனைக் குழுவையே அழைக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றிவிட்டதா என்ற பயமாக இருக்கலாம் என்று. அமெரிக்காவில் படுத்திருந்தவனுக்கும் பாளையங்கோட்டையில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தவருக்கும் ஒரே சந்தேகம். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்: "அப்படியில்லப்பா, உங்ககிட்ட மணியார்டர் வாங்குனவங்க அத்தன பேரு." அப்பா சிரித்தார். அது போதுமாக இருந்தது.

அந்த 59-ஐ நான் பிடித்துத் தொங்கியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று குழுக்களைப் பல விதமாக ஒப்பிடும்போது ஒன்றிரண்டு வித்தியாசம் தானாகவே தலைகாட்டும். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். மரணமும் பெரிய சிக்கல்களும் மூன்று குழுவிலும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருந்தன. இதையெல்லாம் வகுப்பில் விளக்குகிற நானே, சொந்த அப்பா என்றதும் ஓர் எண்ணுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறேன். அம்மாவின் மஞ்சள் துணிக்கும் என் 59-க்கும் அந்த வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அறுவை நல்லபடி முடிந்தது. காத்திருப்புக் கூடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நமசிவாய என்று முணுமுணுத்தபடி இருந்தாள். முணுமுணுப்பின் தாளத்துக்கு மூச்சு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு அப்பாவின் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடியது. மானிட்டர் கத்தியது. டியூட்டி டாக்டர் ஊசி போட்டு, சொட்டு மருந்து ஏற்றினார். மறுநாள் துடிப்பு சீரானது. பைபாஸுக்குப் பிறகு அடிக்கடி வருவதுதான், பயப்படாதீர்கள் என்றார்கள். பென்சன் ஆய்வில் மூன்றாம் குழுவின் கணக்கைக் கூட்டியதும் பெரும்பாலும் இந்த ஒழுங்கற்ற துடிப்புதான். அந்த ஆய்வின் அட்டவணையில் அப்பா இருந்திருந்தால், 'சிக்கல் ஏற்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு எண்ணாகப் போயிருப்பார். எங்கள் தெருவின் கணக்கிலோ எல்லாருடைய வேண்டுதலும் பலித்துவிட்டது. ஒரே மனுஷர் ஒரு பேரேட்டில் பற்று, இன்னொன்றில் வரவு.

வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, மனசு கேட்காமல், பூ விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "ஒன் கையில அப்படிக் கெட்ட வச்சதும் சாஸ்தாதான், போ" என்றாள்.

அந்தப் பதிலோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன், முடியவில்லை. சிவப்பு வந்திருந்தால் சாமி தடுத்தது. வெள்ளை வந்தால் சாமி கொடுத்தது. ஏமாற்றினால் ஏமாற்ற வைத்தது. அப்பா பிழைத்தால் அருள், போயிருந்தால் விதி. எப்படி நடந்தாலும் பொருந்துகிற ஒன்றை எந்த ஆய்வாலும் தொட முடியாது. அம்மாவின் சாமியைச் சோதிக்க முடியாது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சோதிக்க முடியாத சாமியை, 'வேண்டினேன், கட்டி கரைந்தது' என்று சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. கரைந்த கட்டியை எண்ணுகிறவர் கரையாத கட்டிகளையும் எண்ணத்தான் வேண்டும். இந்த இடத்தில் நான் கால்டன் கட்சி.

எண்ணியவர்களின் கதையும் அப்படியொன்றும் பெருமைப்படும்படி இல்லை. 1988-ல் ராண்டால்ஃப் பேர்ட் என்ற மருத்துவர், சான் பிரான்சிஸ்கோவின் அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவுக்கு வந்த 393 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். பிரார்த்தனை பலித்தது என்று இன்றும் மேடைகளில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். இருபதுக்கும் மேற்பட்ட வகைச் சிக்கல்களைப் பட்டியலிட்டதில் ஆறில் பிரார்த்தனைக் குழு தேவலையாக இருந்தது. சாவில் வித்தியாசம் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் இல்லை. தொடர்பில்லாத 20 விஷயங்களைச் சோதித்தால், எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது 'பலித்தது' என்று வர வாய்ப்பு சுமார் 64 சதவீதம். போதாததற்கு அந்த ஆறும் தனித்தனி அல்ல. இதயம் பலவீனமாகி நீர் கோத்தால் நீர் பிரியும் மருந்து கொடுப்பார்கள். நிமோனியா வந்தால் ஆன்டிபயாடிக். இவை நான்கும் அந்த ஆறில் தனித்தனிச் சரக்காக எண்ணப்பட்டிருந்தன.

2001-ல் வந்த இன்னொன்று பகீர் ரகம். கொரியாவில் செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த பெண்களுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரார்த்தித்ததில், கருத்தரித்தவர்கள் 50 சதவீதம், பிரார்த்தனை இல்லாதவர்களில் 26 என்றார்கள். அந்தப் பெண்களுக்கு ஆய்வு நடப்பதே தெரியாது. கட்டுரையில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் பின்னர் தன் பெயரை எடுத்துக்கொண்டார். இன்னொருவர், டேனியல் வர்த், 2004-ல் வேறொரு பண மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது அதே 2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' போட்டது. இஸ்ரேலைச் சேர்ந்த லியோனார்ட் லெய்போவிசி, 1990 முதல் 1996 வரை ரத்தத்தில் கிருமித் தொற்றோடு வந்த 3393 பேரின் பழைய பதிவுகளை எடுத்து இரண்டாகப் பிரித்து, 2000-ல் ஒரு பாதிக்காகப் பிரார்த்திக்கச் செய்தார். குணமாகி வீட்டுக்குப் போனவர்களுக்கும் செத்துப் போனவர்களுக்கும் சேர்த்துப் பிரார்த்தனை! பார்த்தால், அந்தப் பாதியில் காய்ச்சலும் குறைந்த நாள், படுக்கையும் குறைந்த நாள், புள்ளியியல்படி செல்லுபடியாகும் வித்தியாசம். அர்த்தமில்லாத கேள்வியைச் சரியான முறையில் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும் என்று காட்டத்தான் அவர் செய்தார். அது புரியாமல் சிலர் இதைச் சான்றாகவே சேர்த்துக்கொண்டார்கள். பிரார்த்தனை ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்விலேயே இது இடம்பிடித்து, டென்மார்க் ஆய்வாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். இத்தனையையும் கூட்டிக் கழித்த பிறகும் அந்த மதிப்பாய்வால் தெளிவான பலன் எதையும் காட்ட முடியவில்லை.

அதே டிசம்பர் இதழில் இன்னொரு கட்டுரையும் இருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக் கூடத்தில் பார்த்ததிலிருந்து அதைத்தான் வகுப்பில் அதிக நேரம் நடத்துகிறேன். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே' மந்திரமும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்குச் சுமார் ஆறாக இறங்கியது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் கூடியது. எந்தக் கடவுள் என்பது பொருட்டாக இல்லை, மூச்சு விடுகிற இடைவெளிதான் பொருட்டு. சொல்கிறவர் உடம்பில் நடப்பது, அளக்க முடிந்தது. நம் நாட்டில் 2021-ல் ரிஷிகேஷ் எய்ம்ஸில் கொரோனா நோயாளிகள் 20 பேரை வைத்து காயத்ரி மந்திரமும் பிராணாயாமமும் பலனளிக்கிறதா என்று பார்க்கப் பணம் ஒதுக்கினார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், தேறினால் மந்திரத்தாலா மூச்சாலா என்று எப்படிப் பிரிப்பது? பெர்னார்டியைப் படித்திருந்தால் அப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்நியர் ஒருவர் தூரத்திலிருந்து, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அளவு குறித்துக் கொடுக்கும் பிரார்த்தனையைச் சோதிக்கலாம், சோதித்தாயிற்று, பலனில்லை. ஆனால் அப்படியொரு பிரார்த்தனையை எங்கள் தெருவில் நான் கண்டதே இல்லை. இங்கே வேண்டுதல் என்பது ஒரு செய்தி. அது நோயாளி காதுக்குப் போகவே புறப்படுகிறது. போனால் ஒருவருக்குத் தெம்பு, ஒருவருக்குத் திகில், அப்பாவுக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டும். காதுக்குப் போகாமல் மறைத்த மறுகணம் அது வேறொரு பொருளாகிவிடுகிறது. முதல் இரண்டு குழுக்களில் பென்சன் அளந்தது அந்த வேறொரு பொருளை.

போன வருஷம் முதுகலை மாணவி ஒருத்தி, அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் பயத்தைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய வந்தாள். பிரார்த்தனையையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். யார் வேண்டினார்கள் என்பதைவிட, கேள்விப்பட்டதும் நோயாளிக்கு என்ன தோன்றியது என்று கேள், ராத்திரி தூங்கினாரா என்று கேள், துணைக்கு இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேள் என்றேன். படிவத்தில் முதல் கேள்வியாக அவள் வைத்திருந்தது: 'உங்களுக்காக யாராவது வேண்டிக்கொள்கிறார்களா? ஆம் / இல்லை.' ஒப்பிட இரண்டு குழு வேண்டுமே மேடம் என்றாள். வார்டில் முன்னோட்டமாகச் சில நாள் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். 'இல்லை'யில் ஒரு டிக்கூடக் கிடையாது. சொந்தக்காரர் யாரும் வராத ஒரு பெரியவர்கூட, பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி தனக்கும் சேர்த்து விளக்குப் போடுவதாகச் சொல்லி 'ஆம்' போட்டிருந்தார். எல்லாருக்கும் ஒரே விடை வருகிற கேள்வியை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது. அதை எடுத்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிய கேள்வியை முதலில் வைத்து, படிவத்தை மறுபடி ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினோம்.